லோஜினி படித்தது ஆண்களைத்தான்

லண்டன் லூயிஷாம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது குமரன் தொலைபேசியில் அழைத்தார். குமரன் லோஜினியின் கணவர். பகல் நேரத்தில் எனக்குத் தொலைபேசி எடுக்கிறவர் அல்ல. எடுத்தாலும் "இந்தா கதையும்" என்று மனைவியின் கையில் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறவர். அன்று கொடுப்பதற்கு ஆள் இல்லை. "அக்கா, லோஜினி எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "விடியப்புறம். நித்திரையிலை" என்று சேர்த்துச் சொன்னார். அவருக்கு நோய் இருந்தது உண்மைதான். ஆனாலும் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது என்றுதான் வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். "பொய் சொல்லாதையும்!" என்று நான் அவரை ஏசினேன். சாவுச் செய்தி சொல்லுகிற மனிதனை ஏசுவது என்ன பழக்கம் என்று கேட்காதீர்கள். வாயில் வந்தது அதுதான். கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மத்தியானத்துக்குள் மரண அறிவித்தல் எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. அன்பு மனைவி, பாசமிகு சகோதரி என்று தொடங்கி, "பெண்களின் முன்னேற்றத்துக்காக அயராது உழைத்த கலாநிதி பத்மலோஜினி" என்று போட்டிருந்தது. அட கடவுளே! கண்ணை மூடி ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் ஆளையே மாற்றிவிட்டார்கள். எழுதியவர் அவருடைய உறவினர், நல்ல மனிதர். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஆம்பிளையளையும் பொடியளையும் பற்றி ஆராய்ச்சி செய்தவ எண்டு போட்டால் சனம் என்ன நினைக்கும், அக்கா?" என்றார்.

அந்தச் சனத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். பெண்களுக்காக உழைக்கிறவள் நான். இந்த நகரத்தில் புருசனிடம் அடிவாங்கி வெளியே வருகிற எங்கள் பெண்களுக்கு இடமும் வழக்கறிஞரும் தேடிக் கொடுக்கிற ஒரு சிறிய நிலையத்தை லூயிஷாமில் நடத்துகிறேன். லோஜினியின் வேலை வேறு. லண்டன் பல்கலைக்கழகமொன்றில், ஆண்களையும் சிறுவர்களையும் பற்றி மட்டும் ஒரு முழுப் பாடத்தை அவர் உருவாக்கினார். அதற்காக எல்லாப் பக்கத்தாலும் ஏச்சு வாங்கினார். இப்போது ஆள் போனவுடன் அந்தப் பாடத்தை மூடப் பார்க்கிறார்கள், அதுவும் பெண்களின் பெயரைச் சொல்லி. ஆகவே இந்த அஞ்சலி கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் அவரும் பெண்களைப் பற்றித்தான் ஆராய்ந்தார். வீடு வீடாகப் போய்க் கதை கேட்டார். ஒருநாள் ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய்விட்டுச் சுரங்க ரயிலுக்கு இறங்கி நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "எந்த வீட்டுக் கதையிலையும் நடுவிலை ஒரு மனுசன் வாறான். அவன் வந்தவுடனை எல்லாரும் சத்தத்தைக் குறைக்கினம். அவனைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. பக்கம் பக்கமா எழுதுறன், நடுவிலை ஒரு பெரிய ஓட்டை." நான் சிரித்தேன். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது, அடிக்கிறான், குடிக்கிறான், வேலைக்குப் போகிறான், அவ்வளவுதானே என்றேன். "உது தெரிஞ்சது இல்லை. உது நீர் நினைக்கிறது" என்றார். அவரிடம் கதை கொடுத்தால் இப்படித்தான், முகத்துக்கு நேரே வாங்கவேண்டி வரும்.

ஓட்டையை அடைக்கிறேன் பேர்வழி என்று மோர்டனில் ஒரு மண்டபத்தை எடுத்தார். எங்கள் ஆண்களைத் தனித்தனியே வரச்சொல்லி அறிவித்தார். நல்லாய்த்தான் வந்தார்கள். என்ன, ஒவ்வொருவரும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்! "நித்திரை எப்பிடி, அண்ணை?" என்று லோஜினி கேட்டால் அண்ணை பக்கத்தில் இருக்கிற மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். "பல்லைக் கடிக்கிறவர்" என்பார் மனைவி. "ஓம், கடிக்கிறனாம்" என்று அண்ணை ஒத்துக்கொள்வார். கோபம் வருமா என்று கேட்டால், "வரும் எண்டுதான் இவ சொல்லுறவ." ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "நான் எப்பிடி இருக்கிறன் எண்டு இவவிட்டைக் கேளுங்கோ, தங்கச்சி. எனக்கு உதுகள் தெரியாது." மனைவிமாரைத் தேநீர் குடிக்க வெளியே அனுப்பிப் பார்த்தார். தனியே விடப்பட்ட அண்ணைமார் உடனே நாட்டு நிலைமையைக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தன் வீட்டிலாவது தொடங்குவோம் என்று குமரனைப் பிடித்தால், அவரும் "உமக்குத் தெரியாததோ? நீரே எழுதும்" என்றாராம்.

இதைச் சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் லோஜினியின் முகம் மாறிவிட்டது. "சிரிக்கிறியள். தன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் இன்னொராளைத் திரும்பிப் பாக்கிற மனுசன். இதைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கோ எண்டு தேடினன். எங்கட சனத்தைப் பற்றி ஒண்டும் இல்லை" என்றார். அந்தப் பாடத்தின் விதை அன்றைக்கு அந்த மண்டபத்தில்தான் விழுந்தது என்று பிறகு பல இடங்களில் அவரே சொல்லியிருக்கிறார்.

மண்டபத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்பதை விட்டுவிட்டு, கோவில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற ஆண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர் வழக்கத்தில் பெரிய சமையல் என்றால் வெட்டுவது ஆண்கள்தான். ஒரு சனிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். நீளமான மேசை, ஒரு பக்கம் பூசணிக்காய் மலை, இரண்டு பக்கமும் ஆண்கள். லோஜினி ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு இடையில் புகுந்து நின்றார். அவரும் வெட்டத் தொடங்கினார். பிறகு பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்கிற ஒருவர், யாரும் கேட்காமலே, பூசணிக்காயைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார். "அம்மா செத்த செய்தி வந்த நேரம் நான் ஷிப்டிலை. சனம் வரிசையிலை நிக்குது. காசை வாங்கி மிச்சத்தைக் குடுத்துக்கொண்டு நிண்டனான். வீட்டை போய் அழுவம் எண்டு நினைச்சன். வீட்டை போனால் மனிசி அழுறா, பிள்ளையள் பயந்து போய் நிக்குதுகள். பிறகு அழ ஏலாமல் போச்சு." அவ்வளவுதான். ஊருக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்கு அந்த நாளில் விசாவும் இல்லை. லோஜினி அடுத்த பூசணிப் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். அவர் அதையும் வெட்டினார். எதிரே நின்றவர் தன்னுடைய தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த மேசையில் அன்று காலை நான் கேட்டவற்றை என் வாழ்நாளில் எந்த ஆணும் எனக்குச் சொன்னதில்லை. "முகத்தைப் பாத்துக் கேட்டால் 'ஒரு பிரச்சினையும் இல்லை' எண்டுதான் சொல்லுவினம். கையிலை வேலை இருக்கவேணும், கண் அதிலை இருக்கவேணும். அப்பத்தான் வாய் திறக்கும்" என்றார் லோஜினி, வீடு திரும்பும்போது. பிறகு தன் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் முடிதிருத்தும் கடைக்கும் காரேஜுக்கும் போய் நின்று கேட்டுப் பழகினார்கள்.

இந்தப் பாடம் வேண்டுமென்று பல்கலைக்கழகக் குழுவின் முன்னால் அவர் போய் நின்ற கதை எனக்கு மனப்பாடம். மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம், நூலகம் முழுவதும் ஆண்களைப் பற்றித்தானே இருக்கிறது, இன்னும் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று. குழுவில் எல்லோரும் சிரித்தார்களாம். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். நானும் அதையே கேட்டிருப்பேன். லோஜினி சொன்ன மறுமொழி இது: "அந்த அலமாரிகளில் இருப்பது அரசர்கள், தளபதிகள், தத்துவ ஞானிகள். ஷிப்ட் முடிந்து வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் அரைமணி நேரம் காருக்குள்ளேயே இருக்கிற மனிதனைப் பற்றி எந்தத் தட்டில் இருக்கிறது? எடுத்துக் காட்டுங்கள். நான் எழும்பிப் போய்விடுகிறேன்." யாரும் எழும்பவில்லை. பாடத்துக்கு அனுமதி கிடைத்தது, ஒரு வருடம் பரீட்சார்த்தமாக. அந்த ஒரு வருடம் அவர் சாகும்வரை நீண்டது.

எனக்கும் அவருக்கும் நடந்த சண்டையையும் சொல்லவேண்டும். புருசன் அடித்துக் கை முறிந்த ஒரு பெண் பிள்ளையை வைத்தியசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து எங்கள் நிலையத்தின் உள் அறையில் படுக்க வைத்திருந்த நாள் அது. எனக்கு ஆம்பிளை என்ற சொல்லே பிடிக்காத நாள். லோஜினி ஏதோ அலுவலாக வந்தார். என் கோபம் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். "உந்த விசர்ப் படிப்புக்குக் குடுக்கிற நேரத்தை இந்தப் பிள்ளையளுக்குக் குடுத்தால் என்ன? உள்ளுக்குப் போய் அவளின்ரை கையைப் பாரும். பாத்திட்டு வந்து, அவனும் பாவம் எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும், பாப்பம்!" லோஜினி உள்ளே போனார். கனநேரம் அந்தப் பிள்ளையோடு இருந்தார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. "அவன் பாவம் எண்டு நான் ஒருநாளும் சொன்னனானோ? அவன் ஜெயிலுக்குப் போகவேணும். போய் வெளியிலை வருவான், இன்னொருத்தியைக் கட்டுவான். அவளும் உம்மட்டைத்தான் வருவா. அடிச்சவனைப் பற்றி ஒண்டும் தெரியாமல் எத்தினை பேருக்குக் கதவு திறந்துகொண்டு இருக்கப் போறீர்?"

நான் சரணடையவில்லை. ஆண்களைப் படிப்பதற்கென்று தனியே ஒரு துறை வேண்டுமா, அது நாளைக்கு யார் கையில் போய்ச் சேரும் என்ற பயம் எனக்கு இன்றும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் லோஜினி எழும்பி வந்து ஏசுவார். அவருக்கு என் பயம் பிடித்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். "வருசத்துக்கு ஒருக்கா வகுப்புக்கு வாரும். என்ரை பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு என்னை வடிவா ஏசும்" என்றார். ஒவ்வொரு வருடமும் போனேன், ஏசினேன். முன்வரிசையில் இருந்து அவர் குறிப்பெடுத்துக்கொள்வார். முடிந்ததும் நல்ல சாப்பாடு வாங்கித் தருவார்.

என் பயம் வீண் பயம் இல்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. நம்மவர் ஒருவர், வசதியானவர், கூட்டமொன்றுக்கு லோஜினியை அழைத்தார். நானும் பின்வரிசையில் இருந்தேன். அவர் மேடையேறி, இந்த நாட்டுச் சட்டம் பெண்களுக்குத்தான், ஆண்களுக்கு வாயில்லை, பெண்கள் தலைக்குமேல் ஏறிவிட்டார்கள், கடைசியில் எங்களுக்காகவும் ஒரு தாய் பிறந்திருக்கிறார் என்று முழங்கிவிட்டுப் பொன்னாடையை எடுத்தார். லோஜினி கையால் தடுத்தார். "பொறுங்கோ அண்ணை. இண்டைக்கு உங்கட மனிசி ஏன் வரேல்லை?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார். அவர் திகைத்துப்போய், வீட்டில் வேலை என்றார். "என்ன வேலை எண்டு தெரியுமோ?" அவருக்குத் தெரியவில்லை. "நான் உங்கட வக்கீல் இல்லை. உங்களைப் படிக்க வந்தனான். படிக்கிறதெண்டால் பிழையையும் சேர்த்துத்தான் படிக்கவேணும். உங்களுக்கு வேண்டியது படிப்பு இல்லை, கைதட்டு. அதுக்கு வேறை ஆளைப் பாருங்கோ." பொன்னாடை அவர் கையிலேயே தொங்கியது. நான் கைதட்டினேன், எனக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள்.

சிறுவர்கள் விசயத்தில் அவருக்கு வந்த கோபம் இன்னும் பெரிது. ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பரிசளிப்பு விழா. பரிசு வாங்க மேடைக்கு ஏறியவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள். பொறுப்பாளருக்கோ பெருமை தாங்கவில்லை. லோஜினி அவர் பக்கம் சாய்ந்து, "பொடியள் எங்கை?" என்று கேட்டார். அவர் சிரித்தார். "பொடியள் எப்பவும் உப்பிடித்தானே, டொக்டர்." லோஜினி எழும்பி நின்றார். "பெட்டையள் ஒராளும் மேடைக்கு வராமல் விட்டிருந்தால் இண்டைக்கு எத்தினை கூட்டம் போட்டிருப்பியள்? எத்தினை பேர் பேசியிருப்பினம்? பேசத்தான் வேணும்! பொடியன் வராட்டில் மட்டும் 'உப்பிடித்தான்' ஆகிப்போச்சு. 'உப்பிடித்தான்' எண்டு நீங்கள் சொல்லி முடிக்கிற இடத்திலைதான் ஆராய்ச்சி தொடங்கவேணும்." அடுத்த முறை விழாவுக்கு அவரை அழைக்கவில்லை. அவர் அழைக்காமலே போனார்.

கடைசிக் கிரியை நாளில் மண்டபம் நிறைய ஆட்கள். பேசியவர்கள் எல்லோரும் மரண அறிவித்தலைப் பார்த்தே பேசினார்கள். பெண்ணினத்தின் விளக்கு என்றார் ஒருவர். கடைசியாக, யாரும் எதிர்பாராமல், குமரன் முன்னே வந்தார். அந்த மனிதர் நாலு பேர் முன்னால் வாய் திறந்து நான் கண்டதில்லை. "எல்லாரும் அவ பொம்பிளையளுக்காக உழைச்சவ எண்டு சொல்லுறியள். மரியாதைக்குச் சொல்லுறியள், விளங்குது. ஆனால் அவ ஆம்பிளையளைப் படிச்சவ. ஏச்சு வாங்கி வாங்கிப் படிச்சவ. அதை மறைக்கிறதுக்கு அதிலை வெக்கம் ஒண்டும் இல்லை" என்றார். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நின்று வாய்விட்டு அழுதார். ஓரத்தில் நின்ற ஆண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

போன வாரம் லோஜினியின் மாணவர்கள் என்னை வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், பல்கலைக்கழகத்தில் பாடத்தைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்துக்கு. துறைத் தலைவி பண்பான பெண், ஒரு கடும் சொல் சொல்லவில்லை. லோஜினியின் பாடத்தை எடுத்துவிட்டு, பாலினம் பற்றிய அறிமுகப் பாடத்துக்குள் அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கலாம் என்றார். வளங்கள் குறைவு, இந்தக் காலத்தில் பெண்களின் பிரச்சினைகளுக்கே முன்னுரிமை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைப்பேன் என்று நினைத்தார். நான் எழும்பினேன். என் ஆங்கிலம் கோபம் வந்தால் உடையும். உடைந்தால் உடையட்டும் என்று பேசினேன்.

"இந்த நகரத்தில் அடிபட்ட பெண்களோடு என் வாழ்க்கை போயிருக்கிறது. இந்தப் பாடத்தை வருடா வருடம் வந்து ஏசியவளும் நான்தான். மூடுவதென்றால் மூடுங்கள், காசு இல்லை என்று சொல்லி மூடுங்கள். பெண்களின் பெயரைச் சொல்லி மூடாதீர்கள். அந்தப் பெயரை நான் உங்களுக்குத் தரவில்லை. என்னிடம் வருகிற பெண்கள் கேட்பது இரண்டே கேள்வி. அவன் ஏன் இப்படி? என் மகனும் இப்படித்தான் வருவானா? இரண்டுக்கும் மறுமொழி என்னிடம் இல்லை. தேடிக்கொண்டிருந்த ஒருத்தியும் செத்துவிட்டாள். இரண்டு வாரத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களா?"

முடிவை இன்னும் அறிவிக்கவில்லை. எப்படி வந்தாலும் பாடம் நடக்கும். எங்கள் நிலையத்துக்குள் ஆண்கள் வரக்கூடாது என்பது விதி, அந்த விதி மாறாது. அதனால் பக்கத்துக் கத்தோலிக்க தேவாலயத்தின் மண்டபத்தைக் கேட்டிருக்கிறேன், பாதர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். லோஜினியின் மாணவர்கள் படிப்பிப்பார்கள். எதிர்த்துப் பேச நான் இருக்கிறேன். இதை வாசிக்கிற அண்ணைமார் தனியே வாருங்கள்.

லோஜினியிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு கேள்வி. அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. கிரியை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அது என் வாயில் தானாக வந்தது. புருசனிடம் அடிவாங்கி முகம் வீங்கிய ஒரு பிள்ளை முன்னால் இருந்தாள். அவளுடைய கதை முழுவதையும் கேட்டேன். செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். பிறகு, "உம்மட மனுசன் வீட்டிலை இல்லாத நேரம் ஆரோடை கதைக்கிறவர்? மனம்விட்டுக் கதைக்க அவருக்கு ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வரத்தான் வேண்டும்.

"அவரைப் பற்றி ஏன் அக்கா கேக்கிறியள்? அடிவாங்கினது நான்."

"ஓம் பிள்ளை, அடிவாங்கினது நீர்தான்" என்றேன். "அதாலைதான் கேக்கிறன்."